மெட்ஃபார்மினுக்கு அடுத்த மருந்து எது? செல்லின் ஆற்றல் கணக்கை வைத்து ஓர் ஒப்பீடு

இரண்டாம் வகை நீரிழிவுக்கு முதலில் தரப்படும் மெட்ஃபார்மினோடு ஐந்தாறு ஆண்டுகள் ஓடிய பிறகு, இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) ஏழு விழுக்காட்டைத் தாண்டி எட்டை நெருங்கும்போது, "இன்னொரு மருந்து சேர்க்க வேண்டும்" என்று மருத்துவர் சொல்கிறார். அந்த இன்னொன்று எது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். அலுவலக நண்பருக்குச் சிட்டாகிளிப்டின் எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் செமாகுளூடைடு ஊசியைப் பற்றிச் சொல்கிறான். இதய மருத்துவரோ டாபாகிளிஃப்ளோசின் போடலாம் என்கிறார். எல்லாமே சர்க்கரையைக் குறைப்பவைதாமே, இவற்றில் எனக்கு எது என்று வாசகர்கள் தொடர்ந்து கேட்கிறார்கள்.

மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு உயிர்வேதியியல் கற்பித்து வருகிறேன். மருந்துச் சீட்டு எழுதுவது என் பணியன்று. ஆயினும் இந்தக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி என் பாடத்திலேயே இருக்கிறது. உடல் தன் ஆற்றலைக் கையாளும் ஏற்பாட்டில் இந்த மருந்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் கைவைக்கின்றன. எந்த இடம் என்று தெரிந்துவிட்டால், மருந்தின் நன்மை மட்டுமன்றி அதன் பக்கவிளைவும், அது யாருக்கு ஆகாது என்பதும் பெரும்பாலும் அதிலிருந்தே விளங்கிவிடும். மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்க அந்த விளக்கம் போதும்.

எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலோர் முதலில் கேட்பது, எந்த மாத்திரை சர்க்கரையை அதிகம் இறக்கும் என்பதையே. என் வரிசையில் அந்தக் கேள்வி கடைசியில் வருகிறது. அமெரிக்காவில் 5,047 பேரைச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2022-இல் வெளியிடப்பட்ட கிரேடு ஆய்வில், மெட்ஃபார்மினுடன் கிளிமிபிரைடு, சிட்டாகிளிப்டின், லிராகுளூடைடு, கிளார்ஜின் இன்சுலின் ஆகிய நான்கில் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். எதைச் சேர்த்தபோதும் நூற்றுக்கு 67 முதல் 77 பேருக்குச் சராசரி மீண்டும் ஏழைத் தொட்டுவிட்டது. கிளார்ஜினும் லிராகுளூடைடும் சற்று முன்னே நின்றன, சிட்டாகிளிப்டின் பின்தங்கியது, அவ்வளவே. சர்க்கரையின் எண்ணை மட்டும் வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆகவே முதல் அளவுகோல், இதயமும் சிறுநீரகமும். நீரிழிவு உள்ளவர்களின் ஆயுளைக் குறைப்பவை பெரும்பாலும் மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் சிறுநீரகச் செயலிழப்புமே. இரண்டாவது, மருந்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் தாழ்சர்க்கரை. மூன்றாவது, செலவு. மாத்திரையின் விலையோடு சோதனைப் பட்டைகளையும் இரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்து, இருபது முப்பது ஆண்டுகளுக்குக் கணக்கிட வேண்டும். பணம் போதாமல் நான்காம் மாதம் நின்றுபோகும் சிறந்த மருந்தைவிட, விடாமல் வாங்க முடிந்த சுமாரான மருந்து மேலானது.

நான்காவது எடை. இதில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் செய்தி உண்டு. புணேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் உடல் அளவுகளையே ஒப்பிட்டு வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லியாகத் தெரியும் இந்தியரின் உடலில் தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருப்பது வழக்கம். எனவே எடை குறைவது எல்லோருக்கும் நல்லது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது. குறைவது கொழுப்பா தசையா என்பதையும் பார்க்க வேண்டும்.

செல் வைத்திருக்கும் கணக்கு

நம் செல்கள் தம் வேலைகளுக்குச் செலவழிக்கும் நாணயம் ஏடிபி. எந்த நேரத்திலும் உடலில் இருப்பது சில பத்துக் கிராம் ஏடிபிதான். ஆனால் ஒரு நாளில் புரள்வதோ ஏறத்தாழ நம் உடல் எடை அளவுக்கு. கையிருப்பு இவ்வளவு சிறியதாக இருப்பதால் செல் நொடிதோறும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஏடிபி செலவாகி அதன் மிச்சமான ஏஎம்பி பெருகும்போது, ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொண்டு, கொழுப்பையும் புரதத்தையும் கட்டும் வேலைகளை நிறுத்திவிட்டு எரிக்கும் வேலைகளை முடுக்கிவிடுகிறது. உடல் முழுவதற்குமான கணக்கைக் கணையம் சுரக்கும் இன்சுலின், குளுக்ககான் என்ற இரு ஹார்மோன்கள் வைத்திருக்கின்றன. உண்டபின் இன்சுலின் உயர்ந்து, கல்லீரலிடம் "குளுக்கோஸ் வெளியிடுவதை நிறுத்து" என்கிறது. பட்டினியில் குளுக்ககான் உயர்ந்து, வெளியிடச் சொல்கிறது.

இரண்டாம் வகை நீரிழிவில் கல்லீரலுக்கு இன்சுலினின் குரல் சரியாக எட்டுவதில்லை. குதிர் நிறைய நெல் இருக்கும் வீட்டில், பஞ்சம் வந்துவிட்டதென்று எண்ணி நெல்லை அள்ளி அள்ளி வெளியே கொட்டுவதைப்போல, இரத்தத்தில் சர்க்கரை நிரம்பியிருக்கும்போதே அது இரவெல்லாம் மேலும் குளுக்கோஸைச் செய்து வெளியிடுகிறது. இரவு சாப்பிடாமல் படுத்தும் காலையில் சர்க்கரை ஏன் கூடுகிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். மறுபக்கம், இன்சுலின் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்கள் ஈடுகொடுத்து ஈடுகொடுத்துத் தளர்ந்துபோகின்றன. நோய் கண்டறியப்படும்போதே அவற்றின் திறனில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும் என்பது பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வின் கணிப்பு.

பாரிசின் ழான் ஸ்டெர்ன் 1957-இல் நீரிழிவுக்கு அறிமுகப்படுத்திய மெட்ஃபார்மின், கல்லீரல் செல்லின் மைட்டோகாண்டிரியாவில் ஆற்றல் ஆக்கத்தைச் சிறிது மட்டுப்படுத்துகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூற்றைப் புதிதாகக் கட்ட ஆறு ஏடிபிக்கு ஈடான ஆற்றல் வேண்டும். கையிருப்பு இறங்கும்போது அந்த வேலை தளர்கிறது. ஏஎம்பிகேவும் விழிக்கிறது. ஆனால் அந்த நொதி கல்லீரலில் இல்லாத எலிகளிலும் மருந்து வேலை செய்வதால், அதுவே முழு விளக்கமாகாது. சிறுநீரகத் திறன் மிகவும் இறங்கினாலொழிய மெட்ஃபார்மினை விடவேண்டியதில்லை. வைட்டமின் பி12 அளவை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் மருந்துகள் எல்லாம் இதன் மேல் சேர்ப்பவை.

கிளிமிபிரைடு, கிளிகிளாசைடு: சல்ஃபோனைல்யூரியா வகை

பீட்டா செல்லின் சவ்வில் பொட்டாசியம் அயனிகள் வெளியேறும் ஒரு வாயில் உண்டு. குளுக்கோஸ் செல்லுக்குள் வந்து எரிந்து ஏடிபி பெருகினால் அந்த வாயில் மூடிக்கொள்கிறது. மூடியதும் செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே பாய்ந்து, இன்சுலின் வெளியேறுகிறது. குளுக்கோஸ் இந்த வாயிலை மூடுவதை ஆக்ஸ்ஃபோர்டின் ஃபிரான்செஸ் ஆஷ்கிராஃப்ட் 1984-இல் காட்டினார். இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரையோ அவ்வளவு ஏடிபி, எவ்வளவு ஏடிபியோ அவ்வளவு இன்சுலின் என்பது இந்த ஏற்பாட்டின் அழகு.

சல்ஃபோனைல்யூரியா இந்த வாயிலை நேரே போய் மூடுகிறது, ஏடிபி பெருகும்வரை காத்திருப்பதில்லை. எனவே நீங்கள் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலின் வருகிறது. 1942-இல் பிரான்சின் மோன்பெல்லியே நகரில் டைஃபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்தபோது சிலருக்குச் சர்க்கரை படுவீழ்ச்சி அடைந்ததைக் கண்டதிலிருந்துதான் இந்த வகையே பிறந்தது. அதாவது, தாழ்சர்க்கரையை இதன் பக்கவிளைவு என்று ஒதுக்க முடியாது; இதன் செயலே அதுதான், அளவு மீறிய வடிவில்.

என் அம்மாவிடம் அதை நேரில் பார்த்தேன். எழுபத்து நான்கு வயது. மெட்ஃபார்மினும் இரண்டு மில்லிகிராம் கிளிமிபிரைடும் சேர்ந்த கூட்டு மாத்திரை. ஒரு கிருத்திகையன்று விரதம் என்று காலையில் காப்பியோடு நிறுத்திக்கொண்டார். மாத்திரையை மட்டும் விடவில்லை, மாத்திரையை விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே என்று. பத்து மணிக்குப் பூத்தொடுக்க உட்கார்ந்தவர் நாரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. "என்னம்மா செய்கிறது?" என்று கேட்டதற்கு, என்றோ காலமான என் பெரியம்மாவின் பெயரைச் சொல்லி, அவள் வந்துவிட்டாளா என்றார். விரலில் குத்திப் பார்த்தால் 42. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்து, மீதிப் பூவைத் தொடுத்து முடித்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பிற்பகலில் மறுபடியும் 58. இந்த மருந்து ஒரு நாள் முழுவதும் வாயிலை மூடிக்கொண்டிருக்கும் என்பதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சர்க்கரைத் தண்ணீரோடு கண்காணிப்பு முடியக் கூடாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

கூட்டு மாத்திரையின் மறைமுகச் செலவு இதுவே. அதில் ஒன்றை மட்டும் நிறுத்திவைக்க முடியாது. மருந்துப் பெயரின் கடைசியில் வரும் எம்1, எம்2 போன்ற குறிகளில் உள்ள எண் பெரும்பாலும் கிளிமிபிரைடின் மில்லிகிராம் அளவு. அட்டையின் பின்புறத்தைப் படித்து உறுதி செய்துகொண்டு, சாப்பிடாத நாளில் எதை விடவேண்டும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னதால் இந்த வகையைத் தள்ளிவிட வேண்டும் என்று பொருளில்லை. கிளிமிபிரைடையும் லினாகிளிப்டினையும் ஆறாயிரம் பேரிடம் ஒப்பிட்டு 2019-இல் வெளியான கரோலினா ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. இதயத்துக்குக் கேடு என்ற நெடுநாள் ஐயம் கிளிமிபிரைடைப் பொறுத்தவரை அதோடு தீர்ந்தது. தாழ்சர்க்கரைதான் 37.7 விழுக்காட்டினருக்கு வந்தது, லினாகிளிப்டினில் 10.6. விலை மிகக் குறைவு, அரசு மருத்துவமனைகளில் எளிதில் கிடைக்கிறது, சராசரியை ஒன்று முதல் ஒன்றரை வரை விரைவாக இறக்குகிறது. நேரம் தவறாமல் சாப்பிடும், இதய சிறுநீரக நோய் இல்லாத, வருமானம் குறைந்த நடுவயதினருக்கு இது நியாயமான தேர்வே. பீட்டா செல்லின் அந்தப் பொட்டாசிய வாயிலிலேயே மரபுப் பிழை கொண்டு பிறக்கும் சில குழந்தைகளுக்கோ இது இன்சுலின் ஊசியிலிருந்தே விடுதலை தருகிறது. அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை. முதியவர்களுக்கு மட்டும், நீண்ட நேரம் உடலில் தங்கும் பழைய கிளிபென்கிளமைடைக் கொடுக்காதிருப்பது நல்லது.

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின்: கிளிப்டின் வகை

ஒரே அளவு குளுக்கோஸை நரம்பில் ஏற்றுவதைவிட வாய்வழி கொடுத்தால் இன்சுலின் அதிகம் சுரக்கிறது என்பது 1964-இல் தெரியவந்தது. குடல், "உணவு வந்திருக்கிறது" என்று கணையத்துக்கு முன்னறிவிப்புக் கொடுக்கிறது. அந்த அறிவிப்பின் ஒரு பெயர் ஜிஎல்பி-1. டிபிபி-4 என்ற நொதி அதை ஓரிரு நிமிடங்களில் சிதைத்துவிடும். கிளிப்டின்கள் அந்த நொதியைத் தடுத்து, அறிவிப்பு சிறிது நேரம் கூடுதலாக ஒலிக்கச் செய்கின்றன.

கைவைக்கும் செல் அதே பீட்டா செல்தான், ஆனால் இடம் வேறு. பொட்டாசிய வாயிலை இவை தொடுவதில்லை. குளுக்கோஸ் தானாக அந்த வாயிலை மூடிய பிறகு வரும் இன்சுலினை மட்டும் பெருக்குகின்றன. சர்க்கரை குறைவாக இருந்தால் பெருக்குவதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் தனியாகவோ மெட்ஃபார்மினோடோ கொடுக்கும்போது தாழ்சர்க்கரை அரிதாகவே வருகிறது. எடையும் கூடுவதில்லை, குறைவதுமில்லை. வயிற்றைப் புரட்டுவதில்லை.

குறை என்னவென்றால், சராசரியை இறக்குவது முக்கால் விழுக்காட்டுக்கு உள்ளேதான். இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கும் ஆற்றலும் இதற்கு இல்லை. சிட்டாகிளிப்டின் இதயத்துக்குத் தீங்கு செய்யவில்லை என்று 2015-இல் டெகோஸ் ஆய்வு காட்டியது, அதற்கு மேல் ஒன்றும் காட்டவில்லை. சாக்சாகிளிப்டினிலோ இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வது 27 விழுக்காடு கூடியது என்று 2013-இல் தெரிந்தது. ஆகவே எக்கோவில் இதயம் தளர்ந்திருப்பதாகத் தெரிந்தவர்களுக்கு அதைத் தவிர்க்க வேண்டும். லினாகிளிப்டின் பெரும்பாலும் பித்தத்தோடு வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் அளவைக் குறைக்காமல் கொடுக்கலாம். காப்புரிமை முடிந்து உள்நாட்டுத் தயாரிப்புகள் வந்துவிட்டதால் வில்டாகிளிப்டினும் சிட்டாகிளிப்டினும் இன்று நடுத்தர விலைக்குக் கிடைக்கின்றன. என் கருத்தில் இது முதியவர்களின் மருந்து. தனியாக வாழ்பவர்களுக்கும், இரவில் சர்க்கரை இறங்கினால் எழுப்ப ஆளில்லாதவர்களுக்கும் பொருந்தும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்: கிளிஃப்ளோசின் வகை

ஒரு நாளில் ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோஸ் சிறுநீரகத்தில் வடிகட்டப்படுகிறது. அதில் ஒரு துளியும் வீணாகாமல் மீட்டெடுக்கும் பொறுப்பு சிறுநீரகக் குழல்களின் செல்களுடையது. பத்தில் ஒன்பது பங்கை மீட்பது எஸ்ஜிஎல்டி-2 என்ற கடத்தி. உணவு அரிதாக இருந்த காலத்தின் சிக்கனம் அது. நீரிழிவிலோ, இரத்தத்தில் சர்க்கரை வழியும்போதும் அதே சிக்கனம் தொடர்கிறது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஃபுளோரிசின் என்ற பொருளின் வழிவந்த இந்த மருந்துகள் அந்தக் கடத்தியைத் தடுத்து, நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை குளுக்கோஸைச் சிறுநீரில் விட்டுவிடுகின்றன. இன்சுலின் இதில் தலையிடுவதே இல்லை. எனவே தாழ்சர்க்கரையும் அரிது.

சர்க்கரையை இறக்குவதில் இது நடுத்தரம்தான். இதன் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. 2015-இல் வெளியான எம்பா-ரெக் ஆய்வில், ஏற்கெனவே இதய இரத்தக்குழாய் நோய் இருந்த நீரிழிவாளர்களில் இதயநோயால் இறப்பது 38 விழுக்காடு குறைந்தது. நீரிழிவு மருந்து ஒன்றில் அத்தகைய முடிவை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. 2019-இல் டாபா-எச்எஃப் ஆய்வில் இதயச் செயலிழப்பு மோசமாவதும் இதயநோயால் இறப்பதும் 26 விழுக்காடும், 2020-இல் டாபா-சிகேடி ஆய்வில் சிறுநீரகச் சீர்கேடு 39 விழுக்காடும் குறைந்தன. இவ்விரண்டிலும் நீரிழிவே இல்லாதவர்களும் இருந்தார்கள் என்பது கவனத்துக்குரியது. சர்க்கரையைக் குறைப்பதால் மட்டும் வரும் பலன் அன்று இது.

காரணங்களில் தெளிவானது, சிறுநீரக வடிகட்டிகளின் உள்ளழுத்தம் குறைவது. இன்னொன்று ஆற்றல் சார்ந்தது. நாள்தோறும் 250 முதல் 300 கிலோகலோரி வரை வெளியேறுவதால், உண்டுகொண்டிருக்கும்போதே உடல் அரைப் பட்டினி என்று கணக்கிட்டு, இன்சுலினைத் தாழ்த்திக் கொழுப்பை எரித்துச் சிறிதளவு கீட்டோன்களை ஆக்குகிறது. தளர்ந்த இதயத்துக்கு அந்தக் கீட்டோன் கூடுதல் எரிபொருளாகிறது என்ற கருத்தை ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதே கணக்கிலிருந்துதான் இதன் பெரிய ஆபத்தும் வருகிறது. ஏற்கெனவே அரைப் பட்டினி என்று எண்ணும் உடலோடு உண்மையான பட்டினியும் சேர்ந்தால், கீட்டோன் கட்டுமீறி இரத்தம் அமிலமாகும். அப்போது குளுக்கோமீட்டர் 180, 200 என்று சாதாரணமாகக் காட்டும். அதனால் வீட்டிலும் சில வேளை மருத்துவமனையிலும் ஏமாந்துவிடுகிறார்கள். நெடு விரதம், அரிசியையும் சர்க்கரையையும் முற்றாக ஒதுக்கும் உணவுமுறை, வாந்தி வயிற்றுப்போக்கு, மிகுந்த மது ஆகிய நிலைமைகளில் இந்த மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டும். திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். பல் மருத்துவமனையாயினும் கண் மருத்துவமனையாயினும் இந்த மருந்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். குமட்டலும் வயிற்றுவலியும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தால், சர்க்கரை எண் நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

சிறிய தொல்லைகளும் உண்டு. சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரும், பெண்களுக்குக் கூடுதலாக. கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மருந்தையே நிறுத்திவிடுகிறவர்கள் பலர். ஒவ்வொரு முறையும் நீரால் கழுவி உலர்த்திக்கொள்வதும் ஒரு களிம்பும் பெரும்பாலும் போதும். அக்கினி நட்சத்திர வெயிலில் வயல் வேலையோ கட்டட வேலையோ செய்பவர்களுக்கு நீர்ச்சத்து வற்றித் தலைசுற்றும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிட்டால் இன்னும் அதிகம். தொடங்கிய சில வாரங்களில், சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியாட்டினின் சற்று ஏறும். அது வடிகட்டியின் அழுத்தம் தணிந்ததன் அடையாளம், பெரும்பாலும் கெடுதியன்று. சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை எப்போதும் நான்கு பிளஸ் காட்டும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

செலவில் பெரிய மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. டாபாகிளிஃப்ளோசினின் இந்தியக் காப்புரிமை 2020-இலும் எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்தன. மாத்திரை ஒன்று அறுபது ரூபாயை ஒட்டி இருந்த எம்பாகிளிஃப்ளோசின், சில நிறுவனங்களின் தயாரிப்பில் பத்து ரூபாய்க்கும் கீழே வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் "வசதியுள்ளவர்களின் மருந்து" என்று நானே மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இன்று அப்படிச் சொல்வது தவறு.

லிராகுளூடைடு, செமாகுளூடைடு: ஜிஎல்பி-1 வகை

கிளிப்டின்கள் உடலின் சொந்த ஜிஎல்பி-1-ஐ நீடிக்கவைக்கின்றன. இவையோ அந்த ஹார்மோனைப் போன்றதையே பல மடங்கு வலிமையோடு வெளியிலிருந்து கொடுக்கின்றன. கிலா மான்ஸ்டர் என்ற பாலைநிலப் பல்லியின் நஞ்சில் ஜான் எங் கண்டறிந்து 1992-இல் வெளியிட்ட எக்சென்டின்-4 இவற்றின் தொடக்கம். டிபிபி-4 நொதியால் அதை எளிதில் சிதைக்க முடியவில்லை. பீட்டா செல்லில் நடப்பது கிளிப்டினில் நடக்கும் அதே பெருக்கம்தான். ஆனால் இந்த அளவில் மூளையின் பசி மையங்களும் இரைப்பையும் சேர்ந்து அடங்குகின்றன. மற்ற மருந்துகள் உடலுக்குள் வந்த ஆற்றலை நிர்வகிக்க, இது வரவையே குறைத்துவிடுகிறது.

பலன் பெரிது. சராசரி ஒன்றரை வரையும் அதற்கு மேலும் இறங்கும். எடை கணிசமாகக் குறையும். லிராகுளூடைடு இதயநோய் மரணங்களை 22 விழுக்காடு குறைத்ததை 2016-இல் லீடர் ஆய்வும், செமாகுளூடைடு சிறுநீரகச் சீர்கேட்டை 24 விழுக்காடு குறைத்ததை 2024-இல் ஃபுளோ ஆய்வும் காட்டின. மாரடைப்பும் பக்கவாதமும் வந்தவர்களுக்கு, குறிப்பாக உடல் பருத்தவர்களுக்கு, இது கிளிஃப்ளோசினுக்கு இணையாக வைத்துப் பார்க்க வேண்டிய மருந்து.

மறைமுகச் செலவுகள் இதில் அதிகம். குமட்டலும் மலச்சிக்கலும் முதல் மாதங்களில் பலருக்கு வரும். பித்தக்கல், அரிதாகக் கணைய அழற்சி. விழித்திரை ஏற்கெனவே பழுதுபட்டவர்களுக்குச் சர்க்கரை வேகமாக இறங்கும்போது கண் மோசமாகலாம். ஊசிக்கு முன் கண் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம் என்பேன். மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் தவிர்க்க வேண்டும். நிறுத்தினால் எடை திரும்பும். ஓர் ஆய்வில், செமாகுளூடைடை நிறுத்தி ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. யாஜ்னிக்கின் உடலமைப்பை ஒத்த, தசை குறைந்த நம்மவர்கள் பருப்பு, முட்டை, மீன் என்று புரதத்தையும் எடைப் பயிற்சியையும் சேர்க்காமல் இதை எடுத்தால், கொழுப்போடு தசையும் கரையும். செமாகுளூடைடின் வாய்வழி மாத்திரையை வெறும் வயிற்றில் அரைக் கோப்பைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். விழித்ததும் காப்பி குடித்துப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள், மருந்தும் வீணாகிறது. செமாகுளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சு வரைதான் என்பதால், விலையை மட்டும் காரணமாக வைத்து இதை ஒதுக்கியவர்கள் மறுபடியும் கேட்டுப் பார்க்கலாம்.

பியோகிளிட்டசோன்

கொழுப்புச் செல்களின் உட்கருவில் மரபணுக்களைத் தூண்டி, கல்லீரலிலும் தசையிலும் தவறாகத் தங்கிய கொழுப்பைத் தோலடிக் கொழுப்புக்கு இடம்மாற்றுவது இதன் வேலை. இன்சுலினின் குரல் செல்களுக்கு மீண்டும் கேட்கத் தொடங்குகிறது. மலிவு, தாழ்சர்க்கரை அரிது, கல்லீரல் கொழுப்புக்கு நல்லது. ஆனால் எடை கூடும், கால் வீங்கும், எலும்பு முறிவு கூடும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அறவே ஆகாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றிய அச்சத்தால் 2013 ஜூனில் இந்திய அரசு இதை நிறுத்தி, ஜூலை முடிவில் எச்சரிக்கையோடு மீண்டும் அனுமதித்தது. குறைந்த அளவில் மூன்றாவது மருந்தாகச் சேர்க்கும்போது இது பயனுள்ளது. இரண்டாவது மருந்தாக நான் இதை முன்வைக்க மாட்டேன்.

அருகருகே

| வகை | கைவைக்கும் இடம் | தாழ்சர்க்கரை | எடை | இதயம், சிறுநீரகம் | செலவு |
|---|---|---|---|---|---|
| சல்ஃபோனைல்யூரியா | பீட்டா செல்லின் பொட்டாசிய வாயில் | அதிகம் | கூடும் | தனிப் பாதுகாப்பு இல்லை | மிகக் குறைவு |
| கிளிப்டின் | குடல் ஹார்மோனைச் சிதைக்கும் நொதி | அரிது | மாறாது | தனிப் பாதுகாப்பு இல்லை | நடுத்தரம் |
| கிளிஃப்ளோசின் | சிறுநீரகக் குழலின் கடத்தி | அரிது | சற்றுக் குறையும் | இரண்டையும் காக்கும் | குறைந்துவிட்டது |
| ஜிஎல்பி-1 | பீட்டா செல், மூளை, இரைப்பை | அரிது | நன்கு குறையும் | இரண்டையும் காக்கும் | அதிகம் |
| பியோகிளிட்டசோன் | கொழுப்புச் செல்லின் உட்கரு | அரிது | கூடும் | இதயச் செயலிழப்பில் ஆகாது | குறைவு |

யாருக்கு எது

எக்கோவில் இதயத் திறன் குறைந்தவர், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறவர், இ-ஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் மதிப்பீடு) இறங்கத் தொடங்கியவர் ஆகியோருக்குச் சர்க்கரை எண் எவ்வளவாக இருந்தாலும் கிளிஃப்ளோசினைப் பற்றி முதலில் கேட்க வேண்டும். அதை ஏன் எனக்கு எழுதவில்லை என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மாறாக, மிக ஒல்லியாக இருந்து எடை தானாகக் குறைந்துகொண்டே வருபவர், இன்சுலின் சுரப்பே வற்றிவிட்டதோ என்ற ஐயம் உள்ளவர் ஆகியோர் உடலின் சொந்த இன்சுலின் சுரப்பைக் காட்டும் சி-பெப்டைடு பரிசோதனை செய்யாமல் அதைத் தொடங்கக் கூடாது. அவர்களுக்குத் தேவை பெரும்பாலும் இன்சுலின்தான், அதைத் தள்ளிப்போடுவதில் எந்த இலாபமும் இல்லை.

எழுபதைக் கடந்தவர், தனித்து வாழ்பவர், அடிக்கடி விரதம் இருப்பவர், ரம்ஜான் நோன்பு நோற்பவர் ஆகியோருக்கு என் முதல் எண்ணம் கிளிப்டின். இரவு நேரம் பேருந்தோ லாரியோ ஓட்டுபவருக்கும், உயரத்தில் நின்று வேலை செய்பவருக்கும், அம்மாவின் அந்தப் பத்து மணியை நினைத்துக்கொண்டு சல்ஃபோனைல்யூரியா வேண்டாம் என்றே சொல்வேன். உடல் பருத்து, மாரடைப்பும் வந்தவருக்குக் கையில் பணமும் கண் பரிசோதனையும் சரியாக இருந்தால் ஜிஎல்பி-1. மாதம் நூறு இருநூறு ரூபாய்க்கு மேல் மருந்துக்கு ஒதுக்க முடியாத வீட்டில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் கிளிமிபிரைடைச் சிறிய அளவில் தொடங்கி, சட்டைப்பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாயோ கற்கண்டோ வைத்துக்கொள்வது முற்றிலும் கௌரவமான சிகிச்சையே.

எதைச் சேர்த்தாலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஏற்கெனவே இருப்பதில் எதைக் குறைக்க வேண்டும்? கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்கு வேறு வகை ஒன்று சேரும்போது கிளிமிபிரைடின் அளவைப் பாதியாக்காவிட்டால், புது மருந்துக்கு இல்லாத தாழ்சர்க்கரை அதன் பேரில் வந்து சேரும். கிளிப்டினையும் ஜிஎல்பி-1 ஊசியையும் சேர்த்து எழுதியிருந்தால் இரண்டும் கைவைப்பது ஒரே பாதையில் என்பதால் ஒன்று வீண். அம்மாவுக்கு லினாகிளிப்டின் தொடங்கிய அன்றே மருத்துவர் கிளிமிபிரைடை முழுவதும் எடுத்துவிட்டார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது சராசரி 7.4 ஆக இருந்தது, முன்பைவிட 0.3 கூடுதல், எழுபத்து நான்கு வயதில் இது போதும் என்று அவர் சொன்னதை நாங்களும் ஏற்றுக்கொண்டோம்.